பதினோரு சொம்பும் மல்லியின் கன்றும்

எங்கள் பாபாய் மாலகொண்டையாவுக்கு ஊரில் இன்னொரு பெயர் உண்டு. 'சரி' மாலகொண்டையா. பாபாய் என் அப்பாவின் தம்பி. யார் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது "சரி"தான். கேட்டது என்னவென்று அவருக்குப் புரிவதற்கு முன்பே அது வந்துவிடும்.

ஒரு முறை ஒரே நாள் காலைக்கு இரண்டு பேர் எங்கள் வண்டியைக் கேட்டார்கள். இருவருக்கும் சரி என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் துவரங்காட்டுக்குள் போய் மத்தியானம் வரை ஒளிந்துகொண்டிருந்தார். இன்னொரு முறை கந்துகூர் பஸ் நிறுத்தத்தில் யாரோ ஒரு ஆள், "அண்ணே, இந்த ஆட்டைப் பத்து நிமிஷம் புடிச்சுக்குங்க" என்று கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போனான். மூன்று வருஷம் ஆகிறது. அந்த ஆள் இன்னும் வரவில்லை. ஆடு சினை ஆடாக இருந்தது. இப்போது எங்கள் வீட்டில் ஆறு ஆடுகள்.

அவர் மனைவி அங்கம்மா, எனக்குப் பின்னி. இந்த 'சரி' பற்றி அவரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்.

"எங்கப்பா இவருகிட்ட, 'எம் பொண்ணைக் கட்டிக்கிறியா'ன்னு கேட்டாரு. இந்த மனுஷன் என் மூஞ்சியப் பாக்குறதுக்கு முன்னாடியே சரின்னுட்டாரு. அன்னிக்கே எனக்குப் புத்தி வந்திருக்கணும்."

"பாத்துட்டும் சரின்னுதானே சொன்னேன்?" என்பார் பாபாய்.

"பாத்துட்டு வேற என்ன சொல்லுவீங்க? உங்களுக்குத் தெரிஞ்சது அந்த ஒரு சொல்லுதான்."

இப்படிப்பட்டவர் போன சங்கராந்தி முடிந்த வாரத்தில் "இல்லை" என்று ஒரு சொல்லைச் சொன்னார். அது எங்கள் பாலெத்தில், இந்தச் சின்ன ஊரில், இன்னும் பேச்சாக இருக்கிறது. அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இன்டர், அதாவது பன்னிரண்டாவது, முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறவளுக்கு ஊர் விஷயம் எதுவும் தப்பாது.

முதலில் மல்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மல்லி எங்கள் வீட்டின் ஒரே பசு. ஒங்கோல் ஜாதி, வெள்ளை வெளேர் என்று இருக்கும். அதற்கு முந்தைய வருஷம் அது கன்று போட்டபோது நல்ல வாட்டமான கன்றாகத்தான் பிறந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். நஞ்சுக்கொடி விழும் வரை கன்றைத் தாயின் மடியில் விட மாட்டார்கள். கொடி உள்ளே இருக்கும்போது பாலை இழுத்தால் பசு படுத்துவிடும் என்பார்கள். அன்று கொடி விழச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை கன்று தள்ளியே கட்டிக் கிடந்து வெறும் வாயை மென்றுகொண்டிருந்தது. மூன்றாம் நாள் கழிச்சல் கண்டு செத்துப்போனது. "அதுக்கு அவ்வளவுதான் ஆயுசு" என்று எல்லோரும் சொன்னார்கள்.

கன்று இல்லாமல் மல்லி பால் விடாது. தோலை உரித்து வைக்கோல் அடைத்து முன்னால் நிறுத்தினால் விடும் என்று யாரோ சொன்னார்கள். பாபாய் அதற்கும் சரி என்றார். இரண்டு நாள் மல்லி அந்த வைக்கோல் கன்றை நக்கி நக்கிப் பால் விட்டது. மூன்றாம் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதோடு மடி வற்றிவிட்டது. பாபாய் அந்த வைக்கோல் கன்றைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டு மூலையில் புதைத்துவிட்டு வந்தார். அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு மல்லிக்குத் தண்ணீர் காட்டுவதை வேறு யாருக்கும் விடவில்லை.

இந்த முறை மல்லி மறுபடியும் சினையாகி நாள் நெருங்கியதும் சொம்புகள் வர ஆரம்பித்தன.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஜுன்னு என்றால் பைத்தியம். சீம்பாலில் வெல்லத்தைக் கரைத்து, மிளகும் ஏலக்காயும் தட்டிப் போட்டு ஆவியில் வேகவைத்தால், கத்தியால் வெட்டுகிற பதத்துக்குக் கட்டிக்கொள்ளும். பசு கன்று போடும் நாள் நெருங்கினால், ஜுன்னு வேண்டும் என்கிறவர்கள் அந்த வீட்டில் ஒரு சொம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். கேட்பதெல்லாம் கிடையாது, சொம்புதான் கேள்வி. வாங்கி வைத்துக்கொண்டால் கொடுக்கிறோம் என்று அர்த்தம். வாங்கிய சொம்பை வெறும் சொம்பாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. பசுவுக்கு ஆகாது.

மற்ற வீட்டுக்காரர்கள் நாலு சொம்பு, ஐந்து சொம்போடு, "போதும்மா, இந்தத் தடவ இவ்வளவுதான்" என்று நிறுத்திவிடுவார்கள். எங்கள் மாட்டுக்கொட்டகைப் பரணில் பதினோரு சொம்புகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"இது பசுவா, பால் சொசைட்டியா?" என்றார் பின்னி.

"எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குடுத்தாப் போச்சு."

"பதினோரு சொம்புக்கும் மல்லிகிட்ட பதினோரு காம்பு இருக்கா?"

பாபாய் மல்லியின் மடியைக் குனிந்து பார்த்தார். எண்ணிப் பார்த்தாரோ என்னவோ.

சங்கராந்தி கழிந்த நாலாம் நாள் விடியற்காலையில், நாள் கணக்குக்கு இருபது நாள் முன்னதாகவே, மல்லி கன்று போட்டுவிட்டது. பாபாய் தண்ணீர் காட்டப் போனவர் கத்திய கத்தலில் நானும் பின்னியும் ஓடினோம். கொட்டகைத் தரையில் ஈரமான வெள்ளைத் துணியைச் சுருட்டிப் போட்டது போல ஒன்று கிடந்தது. காளைக்கன்று. ஒரு ஆட்டுக்குட்டியை விடக் கொஞ்சம்தான் பெரியது. கால்கள் முருங்கைக்காய் மாதிரி இருந்தன. மல்லி நக்கிக்கொண்டே இருந்தது, கன்று தலையைக்கூடத் தூக்கவில்லை.

பாபாய் வைக்கோலை எடுத்து அதன் உடம்பைத் தேய் தேய் என்று தேய்த்தார். மூக்கைத் துடைத்துவிட்டார். பிறகு ஆள்காட்டி விரலை அதன் வாய்க்குள் விட்டார். நல்ல கன்று என்றால் விரலைப் பிடித்து இழுக்கும்.

"இழுக்குறானா?" என்றார் பின்னி.

"இழுக்கல. வாய் சில்லுன்னு இருக்கு."

பிறகு அவர் கறவைச் செம்பைக் கழுவிக்கொண்டு மல்லியின் மடியில் கை வைத்தார். பின்னிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்ன பண்றீங்க? கொடி இன்னும் விழல!"

பாபாய் கையை எடுக்கவில்லை. மூலையில் கட்டியிருந்த ஆடுகளைக் காட்டினார். "அங்கம்மா, நம்ம ஆடு எத்தன குட்டி போட்டிருக்கு?"

"இப்ப எதுக்கு ஆட்டுக் கணக்கு?"

"சொல்லு."

"அஞ்சு."

"அதுல ஒரு குட்டியையாவது கொடி விழுற வரைக்கும் கட்டி வெச்சோமா? யாரு பாத்தா? அதுபாட்டுக்குப் பொறந்துச்சு, அதுபாட்டுக்கு முட்டிக் குடிச்சுச்சு. ஒண்ணாவது செத்துச்சா?"

"ஆடு வேற, பசு வேற."

"அதான் போன வருஷம் வேறன்னு நெனச்சேன்," என்றார் பாபாய். செம்பில் மஞ்சளாக, கெட்டியாக, தேன் மாதிரி பால் இறங்கியது.

பின்னி செம்பை எட்டிப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய் ஆட்டுக்குட்டிகளுக்குப் பால் கொடுக்கிற ரப்பர் மூடி போட்ட புட்டியை எடுத்துவந்து நீட்டினார். யார் வீட்டுக் கல்யாணத்திலோ மிஞ்சிய பீர் புட்டி அது. பிறந்த அன்றே பீர் புட்டியில் குடித்தது இந்தக் கன்று ஒன்றாகத்தான் இருக்கும்.

உறிஞ்சத் தெரியவில்லை. பாபாய் அதன் தாடையைத் தடவித் தடவி, சொட்டுச் சொட்டாக நாக்கில் விட்டு, விழுங்கியது தெரிந்த பிறகுதான் அடுத்த சொட்டை விட்டார். அரை டம்ளர் உள்ளே போக ஒரு மணி நேரம் ஆனது. மல்லியின் கொடி பத்து மணிக்கு விழுந்தது. மல்லி படுக்கவும் இல்லை, கிறங்கவும் இல்லை. கட்டுத்தறியில் நின்று கன்று எங்கே என்று கத்திக்கொண்டிருந்தது.

கன்று புகையிலைச் சூளையில் இருந்தது. தை மாதப் பனிக்கு அது தாங்காது. எங்கள் பக்கம் அந்த மாதங்களில் சூளைகளில் இரவும் பகலும் நெருப்பு இருக்கும். பச்சைப் புகையிலையைக் குச்சிகளில் கட்டி உள்ளே அடுக்கடுக்காகத் தொங்கவிட்டு, வெளியிலிருந்து அடுப்பெரித்துக் காயவைப்பார்கள். எங்கள் சூளை வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ரோட்டோரம், பஸ் நிற்கும் வேப்பமரத்துக்கு எதிரே இருக்கிறது. அடுப்புக்குப் பின்பக்கச் சுவர், கை வைத்தால் இதமாகச் சுடும். அந்தச் சுவரோரமாகச் சாக்கை விரித்து, வைக்கோல் பரப்பிக் கன்றைப் படுக்க வைத்தார்கள்.

ஆனால் கன்றின் வாசனை இல்லாமல் மல்லி பால் விடாதே! அதனால் ஒவ்வொரு முறையும் பாபாய் சூளைக்குப் போய்க் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வருவார். மல்லி நக்கும், மடி இளகும், பால் கறப்பார், கொடுப்பார், மறுபடி கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு சூளைக்கு. ஒரு நாளைக்கு ஆறு தடவை. ரோட்டில் போகிறவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

"மாலகொண்டையா, புள்ளைக்கு என்ன பேரு வெச்சே?"

"பள்ளிக்கூடத்துல சேத்தாச்சா?"

பக்கத்து வீட்டு ரவணம்மா, பாபாய்க்கு வதினா, அதாவது அண்ணி முறை, வந்து குனிந்து பார்த்தார். பரணில் இருந்த முதல் சொம்பு அவருடையது. "நம்ம ஊர் காளைங்க எல்லாம் பந்தயத்துல பாறாங்கல்ல இழுக்குது. இவன் எதை இழுப்பான்? அவன் வாலையே அவனால இழுக்க முடியல. விட்டுடு கொண்டையா. காளைக்கன்னுதானே?"

"சரி வதினா," என்றார் பாபாய், புட்டியைச் சாய்த்துப் பிடித்தபடியே.

"சரின்னுட்டு குடுத்துக்கிட்டே இருக்கியே?"

"சரி வதினா."

அன்று சாயங்காலம் கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து ஊசி போட்டுவிட்டு, சூடும் சீம்பாலும்தான் இதற்கு மருந்து, நேரம் தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் செய்ய முடியும். மல்லி குறை மாதத்தில் போட்டதால் பாலும் குறைவு. காலையில் ஒரு லிட்டர், சாயங்காலம் ஒரு லிட்டர் தேறும். நடுவில் கறந்தால் ஒன்றிரண்டு கரண்டிதான். காலையில் கறந்ததில் மத்தியானத்துக்கு வேண்டியதை மண்பானையில் எடுத்து வைத்துக்கொண்டால்தான் கன்றுக்குச் சரியாக வரும். பரணில் பதினோரு சொம்புகளும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இரண்டாம் நாள் காலையில் தப்பு நடந்தது.

பின்னி காட்டுக்குப் போயிருந்தார். ரவணம்மா வந்தார். "கொண்டையா, ஊருக்கெல்லாம் வேணாம். எனக்கு மட்டும் ஒரு சொம்பு குடு. எம் மருமவன் வந்திருக்கான். நாளைக்குப் போயிடுவான்."

பாபாய்க்கு மண்பானையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். அது யாருக்கு என்றும் தெரியும். ஆனால் வாய் அவரைக் கேட்காமல் சொல்லிவிட்டது. "சரி வதினா." ரவணம்மா கையோடு கொண்டுவந்த வேறொரு சொம்பு நிறைந்து போனது.

மத்தியானம் மல்லியிடம் ஒரு கரண்டிப் பால்தான் வந்தது. கன்று அந்த ஒரு கரண்டியைக் குடித்துவிட்டு வாயைத் திறந்து திறந்து மூடியது. இரண்டு மணிக்கு அதன் காதுகள் ஜில்லென்று ஆகிவிட்டன. மூன்று மணிக்குப் பாபாய் விரலை விட்டார். காலையில் லேசாகவாவது கவ்விய வாய் இப்போது சும்மா திறந்தே இருந்தது.

"இழுக்கல," என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் வேறு யாருடைய குரல் மாதிரியோ இருந்தது. பின்னி திட்டுவதற்காக வாயைத் திறந்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. இடுப்பில் சொருகியிருந்த துண்டை எடுத்துக் கன்றின் காதுகளைச் சுற்றிக் கட்டினார். கட்டிவிட்டு நேராக ரவணம்மா வீட்டுக்குப் போனார்.

அவர் அங்கே என்ன சொன்னார் என்று தெரியவில்லை. கால் மணி நேரத்தில் ரவணம்மா மூச்சு வாங்க ஓடி வந்தார். கையில் ஒரு கிண்ணம். கிண்ணத்தில் ஜுன்னு, வெட்டின துண்டுகளாக.

"கன்னுக்கு எடுத்து வெச்ச பாலுன்னு எனக்குச் சொல்ல வேணாமாய்யா? நான் வேக வெச்சுட்டேனே! மருமவன் ரெண்டு துண்டுதான் தின்னான். மிச்சத்தப் புடுங்கிட்டு வந்துட்டேன். இதக் கரைச்சுக் குடுக்க முடியுமா?"

"வெல்லம், மிளகு எல்லாம் இருக்கே வதினா," என்றார் பாபாய் பரிதாபமாக.

"மிளகு நல்லதுதானே, சளிக்கு?"

அந்த நிலைமையிலும் பின்னிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நால்வருமாகச் சூளைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். ரவணம்மா கன்றின் வயிற்றைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தார். நாலரை மணிக்கு மல்லி பால் விட்டது. ஆறு மணிக்குக் கன்றின் காது சூடேறியது. விரலை லேசாக, மிக லேசாகக் கவ்வியது.

மறுநாள் பொழுது விடிந்ததும் பாபாய் பரணிலிருந்து எல்லாச் சொம்புகளையும் இறக்கினார். வெறும் சொம்பாகக் கொடுக்கக் கூடாதே! புதிதாக உடைத்து வைத்திருந்த துவரம்பருப்பை ஒவ்வொன்றிலும் நிறைத்தார். பிறகு மல்லியின் முன்னால் போய் நின்றார். நான் தவிட்டுக் கூடையோடு அந்தப் பக்கம் போனபோது அவர் மல்லியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவ இல்லம்மா. இல்ல அத்தை. இல்லண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க."

மல்லி அசைபோட்டுக்கொண்டே கேட்டது.

"என்ன பாபாய், ஒத்திகையா?" என்றேன்.

"பொண்ணே, கேட்டுச் சொல்லு. கோவமா சொல்ற மாதிரி இருக்கா?"

"அழுற மாதிரி இருக்கு."

"பரவால்ல. கோவம்னு நெனைக்காம இருந்தாச் சரி."

பத்து வீட்டுக்கு அவரே நடந்தார். நானும் சொம்புகளைச் சுமந்துகொண்டு கூடப் போனேன். முதல் வீட்டில் சொல்ல முடியாமல் சொம்பைத் திண்ணையில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டார். இரண்டாவது வீட்டில், "கன்னுக்குப் பால் பத்தல" என்றதும் அந்த அம்மாள், "அதுக்கென்ன இப்ப, கன்னு பொழைக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சொம்பை வாங்கிப் பார்த்தார். "அட, பருப்பா? நல்ல பருப்பா இருக்கே!" நாலாவது வீட்டுக்குப் போவதற்குள் பாபாயின் நடை மாறிவிட்டது. எட்டாவது வீட்டில் அவராகவே திண்ணமாகச் சொன்னார். ஒரே ஒரு வீட்டில்தான், "ரவணம்மாவுக்கு மட்டும் குடுத்தியாமே" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். பதினோராவது சொம்பு ரவணம்மாவுடையது. அவர் பருப்பையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். "எனக்கு வாங்க மூஞ்சி இல்ல" என்றார்.

எல்லாம் முடிந்தது என்று பாபாய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலில், ஒரு நாலு லிட்டர் எவர்சில்வர் கேனோடு பெஞ்சலய்யா மாமா உட்கார்ந்திருந்தார்.

பெஞ்சலய்யா, பாபாயின் அக்கா புருஷன், பாபாய் 'பாவா' என்று கூப்பிடுகிறவர். காவலியிலிருந்து பதினொரு மணி பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். அவர் மகள் ஹைமா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

"மல்லி கன்னு போட்டுடுச்சாமே! ஹைமா ஒரு வாரமா ஜுன்னு ஜுன்னுன்னு உசுர எடுக்குறா. தாய்மாமன் வீட்டுப் பாலுதான் வேணுமாம். காவலியில காசுக்கு விக்கிறான், அது வேணாமாம். இந்தா கேன். ரொப்பு. நாலு மணி பஸ்ஸுக்கு நான் போயாகணும்."

பின்னி அடுக்களை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். பிள்ளைத்தாய்ச்சியின் ஆசையை மறுத்தால் பிறக்கும் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். மறுக்கிறவன் தாய்மாமன் என்றால் கேட்கவே வேண்டாம். மண்பானையில் மத்தியானத்துக்கான பால் இருந்தது. எல்லோருக்கும் அது தெரிந்தது. பாபாயின் உதடு "ச" என்று பிரிந்தது. பிரிந்த இடத்திலேயே நின்றது.

"இல்ல பாவா."

பெஞ்சலய்யா மாமா இருபத்தைந்து வருஷமாக இந்த வீட்டு மாப்பிள்ளை. இந்த மச்சான் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து அவர் பார்த்ததே இல்லை.

"என்னய்யா சொல்ற?"

"இல்ல பாவா. ஹைமாவுக்கு எங்கிட்ட இருக்குறது என்ன வேணாலும் எடுத்துட்டுப் போங்க. பருப்பு இருக்கு. கோழி இருக்கு. ஆட்டையே புடிச்சுட்டுப் போங்க. இந்தப் பால் மட்டும் இல்ல. நேத்து ஒரு சொம்பு குடுத்ததுல அவன் உசுரு போகப் பாத்துச்சு."

"யாரு உசுரு?"

"கன்னுக்குட்டி."

"எம் பொண்ணு பெருசா, கன்னுக்குட்டி பெருசா? ஒரு தாய்மாமன் பேசுற பேச்சாய்யா இது?"

பாபாய் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் சொல்லை மாற்றவில்லை. பெஞ்சலய்யா மாமா கேனை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். பஸ்ஸுக்கு இன்னும் நாலரை மணி நேரம் இருந்தது. பின்னி பக்கத்து வீட்டில் மோர் வாங்கி என்னிடம் கொடுத்து அனுப்பினார். "உங்க வீட்டு மோரும் கன்னுக்குத்தான் வேணும், கொண்டு போ" என்றார் மாமா. சோறு கொண்டுபோனேன். அதற்கும் அதே பதில்.

ஒரு மணிக்குப் பாபாய் சூளைக்குப் போனார். வேப்பமரத்துக்கு எதிரேதான் சூளை. கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, தலை நிமிராமல், மாமாவைத் தாண்டிக் கொட்டகைக்குப் போனார். திரும்பி வந்தார். மறுபடி மூன்று மணிக்கும் தோளில் கன்றோடு போனார். மாமா கேனில் தாளம் போட்டுக்கொண்டே கண்ணால் பின்தொடர்ந்தார். இந்த முறை கன்று தோளிலிருந்து நழுவியது. பாபாய் ஒரு கையால் தூக்கிப் பிடிக்கப் பார்த்தார், கால் தரையில் இழுபட்டது.

"புடிக்கிற புடியாய்யா அது?" மரத்தடியிலிருந்து குரல் வந்தது. "பொணத்தத் தூக்கிட்டுப் போற மாதிரி! நெஞ்சுக்கடியில கை குடு!"

பாபாய் நெஞ்சுக்கு அடியில் கை கொடுத்தார். அதுவும் சரியாக இல்லை போலிருக்கிறது. மாமா கேனை மரத்தடியிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்து கன்றைப் பிடுங்கிக்கொண்டார். அவர்தான் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார், மல்லியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார், கன்றை இரண்டு கையாலும் நிறுத்திப் பிடித்தார். மல்லி கன்றையும் நக்கியது, மாமாவின் வழுக்கையையும் நக்கியது.

"உவ்வே! அங்கம்மா, உம் மாட்டுக்கு மரியாத தெரியாதா?"

"தெரியும் அன்னய்யா, அதான் வீட்டு மாப்பிள்ளைக்கு நலங்கு வெக்குது," என்றார் பின்னி.

பாபாய் கறந்து முடிப்பதற்குள் மாமா சும்மா இருக்கவில்லை. கன்றின் வாயில் விரலை விட்டார். அவர் முகம் மாறியது.

"ஏய் கொண்டையா. இழுக்குறான்யா!"

"நெசமாவா?"

"வெரல விட மாட்டேங்குறான்! மடியில வெச்சுப் பாரு, மடியில!"

இருவருமாக அதன் நாலு கால்களையும் பிடித்து நிறுத்தி, வாயைக் காம்பில் வைத்தார்கள். இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை கன்று கவ்வியது. கவ்வியபடியே ஒரு இழுப்பு. அப்புறம் இன்னொன்று. வால் நுனி லேசாக ஆடியது. ரோட்டில் நாலு மணி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போன சத்தம் கேட்டது. மாமா கன்றின் காலை விடவில்லை.

அன்று ராத்திரி சாப்பாடு எங்கள் வீட்டில்தான். கை கழுவிய பிறகுதான் மாமாவுக்கு ஞாபகம் வந்தது. "ஹைமா கேட்டா என்ன சொல்றது?" பாபாய் அவரே போனை எடுத்து ஹைமாவுக்குப் போட்டு, நடந்ததை எல்லாம் திக்கித் திணறிச் சொன்னார். போனில் சத்தம் அதிகமாக வைத்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"மாமய்யா, எங்கப்பாகிட்ட 'இல்ல'ன்னு சொன்னீங்களா? நீங்களா?"

"தப்பா எடுத்துக்காதம்மா."

"இன்னொரு தடவ சொல்லுங்க. ரெக்கார்டு பண்ணிக்கிறேன். இங்க யாரும் நம்ப மாட்டாங்க."

கன்று ஐந்தாம் நாள் தானாக எழுந்து நின்றது. நின்றது என்றால், நாலு கால்களும் நாலு திசையைப் பார்த்தன. ஆறாம் நாள் தாயை முட்டிக் குடித்தது. அதற்குச் சூளைச் சுவரை ஒட்டியே வளர்ந்ததால் உடம்பெல்லாம் புகையிலை வாசனை. மல்லி அதை நக்கும்போதெல்லாம் தும்மியது. ஏழாம் நாள் காலையில் கன்று குடித்து முடித்த பிறகும் மடியில் ஒரு சொம்புப் பால் மீந்தது. பாபாய் அதைக் கறந்து, மாமா விட்டுப்போன கேனில் ஊற்றி, காவலி பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினார். நாலு லிட்டர் கேனின் அடியில் அது எங்கேயோ கிடந்தது.

சாயங்காலம் ஹைமாவின் போன் வந்தது. பாபாய் கன்றுக்கு முதுகு சொறிந்துகொண்டிருந்தார்.

"மாமய்யா, வெல்லம் எல்லாம் போட்டு ஒரு மணி நேரம் வேக வெச்சோம். கட்டவே இல்ல! தண்ணியா அப்படியே கிடக்கு. டம்ளர்ல ஊத்திக் குடிச்சேன்."

பாபாய் போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். பரீட்சையில் பாஸானவர் மாதிரி முகமெல்லாம் பல்.

"அங்கம்மா! கட்டலையாம்!"

"அதுக்கு ஏன் இப்படி இளிக்கிறீங்க?"

"கட்டுற பாலு பூரா இவன் வயித்துக்குள்ள போயிடுச்சுன்னு அர்த்தம்டி!"

கன்று தலையைத் தாழ்த்தி வந்து அவரை முட்டியது. போன் வைக்கோலில் விழுந்தது. உள்ளேயிருந்து ஹைமா கேட்டுக்கொண்டே இருந்தாள். "மாமய்யா, அடுத்த தடவ மொதல் சொம்பு எனக்குத்தானே? சரின்னு சொல்லுங்க!"

பாபாய் வாயைத் திறப்பதற்கு முன்னால் பின்னி போனை எடுத்துக்கொண்டார்.

"கன்னுக்கு மிச்சம் இருந்தா, அம்மா," என்றார்.